கண்ணாடி எலும்புக் குழந்தைகள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், காலில் மாவுக்கட்டுடன் தாயின் மடியில் கிடக்கும் குழந்தையைக் கண்டால், "எங்கே விழுந்தது?" என்று வினவுவது நம் வழக்கம். "விழவில்லை, துணி மாற்றும்போது ஒடிந்துவிட்டது" என்று அந்தத் தாய் கூறினால் நாம் நம்புவதில்லை. பெற்றவளே அடித்திருப்பாளோ என்று ஐயுறுகிறோம். அவள் கூறியது முற்றிலும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதை உணர்த்தவே இக்கட்டுரை.

பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் இந்நோய்க்கு 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்று பெயர். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒருவரை இது பற்றுகிறது. நம் சமவெளிக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுவதால் வரும் எலும்பு நோய் வேறு, இது வேறு.

காரணம் யாது?

வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் இடும்போது உள்ளே இரும்புக் கம்பி கட்டுகிறோம் அல்லவா? எலும்பில் சுண்ணாம்புச் சத்து சிமெண்டைப் போன்றது; 'கொலாஜன்' என்னும் புரதமே கம்பி. இந்நோயாளருள் பெரும்பாலோர்க்கு அக்கம்பியே பழுதுபட்டுள்ளது. ஆகவே பாலும் முட்டையும் மட்டும் கொடுத்து இதனைத் தீர்க்க இயலாது. சிலருக்கு விழிவெண்மை நீலம் பாய்ந்திருக்கும். சிலருக்குப் பற்கள் எளிதில் தேயும். வளர்ந்தபின் செவிப்புலன் குன்றுவதும் உண்டு. அறிவுக்கோ குறைவில்லை.

நெடிய ஆய்வு

1979-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் சில்லன்ஸ் குழுவினர் இந்நோயை நான்கு வகையாகப் பகுத்தனர். பின்னர் கொலாஜன் மரபணுக்களேயன்றி வேறு பல மரபணுக்களின் பழுதும் இதற்குக் காரணமாகலாம் என்று தெளிந்தது. 1998-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் மருத்துவர் பிரான்சிஸ் குளோரியோ குழுவினர், 30 குழந்தைகளுக்குப் 'பாமிட்ரோனேட்' மருந்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றிக் கண்ட பயனை வெளியிட்டனர். எலும்பு அடர்ந்தது, வலி தணிந்தது, முறிவுகள் குறைந்தன. ஆயினும் முறிவு எவ்வளவு குறையும் என்பதில் பிந்திய ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. இம்மருந்து நோயின் வேரை அறுப்பதுமில்லை.

குழந்தைப் பருவத்தில் மருந்து ஏற்றவர்கள் நாற்பது வயதில் எவ்வாறிருப்பர்? முதுகெலும்பும் நுரையீரலும் என்னாகும்? இவ்வினாக்களுக்கு ஓரிரு ஆண்டில் விடை கிட்டாது. எனவே 2014-இல் வட அமெரிக்க மருத்துவமனைகள் பல கூட்டாய்வு அமைத்து, அதே நோயாளரை ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கத் தொடங்கின. நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், குழந்தைகள் எலும்பு மருத்துவர் விருஷா மாதுரி குழுவினர் இந்திய நோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். வளைந்த எலும்பை நிமிர்த்தி, உள்ளே நீளும் கம்பி பொருத்தும் அறுவையும் உண்டு.

உறவுத் திருமணம்

பெற்றோர் இருவரும் நலமாயிருக்க, கருவில் புதிதாய்த் தோன்றிய மாற்றத்தாலும் இந்நோய் வரலாம். அதில் எவர் பிழையும் இல்லை. நோயுள்ள தாயோ தந்தையோ இதனைப் பிள்ளைக்கு அளிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. வேறு சில வகைகளிலோ, நலமான பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் பகுதிகளில் இவ்வகை மிகுதி. நான்காம் படிவரையுள்ள கிளையுறவினரின் திருமணத்திற்குத் திருச்சபைச் சட்டத்தின் 1091-ஆம் விதி தடையிடுகிறது. சிறப்பு அனுமதி கேட்குமுன், மரபணு ஆலோசனையும் பெறுவது நலம்.

நாம் செய்யத்தக்கவை

இக்குழந்தையைக் கைகளைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது. துணி மாற்றுகையில் கணுக்கால்களைப் பற்றி உயர்த்தலாகாது. ஒரு கையைத் தலைக்கும் தோளுக்கும் கீழும், மறு கையை இடுப்புக்குக் கீழும் கொடுத்து மெல்ல எடுத்தல் வேண்டும். அடிக்கடி முறிந்தால் கட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாமல், எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்நோய் இடம்பெற்றுள்ளது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

"இடித்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று பள்ளிகள் அஞ்சுவது இயல்பே. கீழ்த்தளத்தில் வகுப்பும், துணைக்கு ஒரு தோழனும் அமைத்தால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். ஒடிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். "நீயே அடித்தாய்" என்ற சொல்லால் ஒடிந்த தாயுள்ளம் அவ்வளவு விரைவில் கூடுவதில்லை. அடுத்த முறை அம்மடியைக் காணும்போது, வினாவை அடக்கி, அமர இடம் கொடுப்போம்.