கொலை உண்டு, கோரம் இல்லை

"டீச்சர், துப்பறியிற கதை ஒண்டு தாங்க. ஆனா ரத்தம் கித்தம் வேணாம்."

மட்டக்களப்பின் கல்லடியில் என்னிடம் புத்தகம் வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். போரைக் கண்ட ஊர். கதையிலுமா அதைச் சுமப்பது?

அவர்களுக்கு முதலில் தேவனின் துப்பறியும் சாம்பு. முட்டாள் என்று பெயரெடுத்த வங்கிக் குமாஸ்தா எதையோ உளறிவைப்பார், திருடன் அகப்பட்டுவிடுவான். மறுகா அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். இந்தக் கிழவியின் முதல் நாவல் வந்தது 1930இல். சின்னக் கிராமத்தில் பின்னல் ஊசியும் கையுமாக இருந்தே கொலையாளியைக் கண்டுபிடிப்பார். ஊராரின் குணம் அவருக்கு அத்துப்படி. இங்கே ஒழுங்கைக்கு ஒரு மார்ப்பிள் உண்டு. யாருடைய தோணி எத்தனை மணிக்குக் கரை சேர்ந்தது என்பதுவரை சொல்வார்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தவை சரித்திர மர்மக் கதைகள். எல்லிஸ் பீட்டர்ஸ் படைத்த காட்ஃபேல் 12ஆம் நூற்றாண்டுத் துறவி. முன்னாள் சிலுவைப் போர் வீரர், மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கிறவர். மூட்டுவலிக்கு அவர் காய்ச்சிய தைலத்தையே ஒரு கதையில் யாரோ சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். கைரேகை நிபுணர் இல்லை, தொலைபேசி இல்லை. கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் துப்புத் துலக்க வேண்டும். ருசியே அங்கேதான்.

தமிழில்? முதல் சரித்திர நாவலான 'மோகனாங்கி'யை 1895இல் தந்தவர் நம் கிழக்கின் திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை. சோழர் காலத்தில் துப்பறிய ஆசையா, சுஜாதாவின் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' இருக்கிறது. 'பொன்னியின் செல்வ'னை வந்தியத்தேவனுக்காகப் படித்தவர்கள், கொலை வழக்காக நினைத்து இன்னொருமுறை படியுங்கள். அதில் கொலையுண்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று ரவிதாசன், சோமன் முதலானோரை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்கியோ குத்திய கை யாருடையது என்பதை அறுதியிட்டுச் சொல்லாமலே முடித்துவிட்டார்.

எழுதப்படாத வழக்கொன்று நம் வாவியிலேயே கிடக்கிறது. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அரசின் உயரதிகாரி, பாடும் மீன் பற்றிக் கேள்விப்பட்டு இரவில் படகேறினார். படகின் மரத்தில் காதை வைத்தபோது நீருக்கடியிலிருந்து வந்த ஒலி இன்னும் பலமாகக் கேட்டது. பாடுவது மீனல்ல, சிப்பி வகை என்றார்கள் மீனவர்கள். அவரும் அதையே சந்தேகித்து 1859இல் தம் நூலில் எழுதினார். நிரூபிக்க மட்டும் முடியவில்லை.

சாட்சி, தடயம், சந்தேக நபர் எல்லாம் தயார். பிணம் வேண்டுமென்றால் 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதத் தெரிந்த வாவிக்கரைப் பிள்ளைகளே, யாராவது தொடங்குங்கள். படித்துப் பார்க்க நான் இருக்கிறேன். கொலையாளி யாரென்று ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்.