பந்தயத்துக்கு நேரம் குறிப்பவர் யார்?

தெருக்கூத்துக் கோஷ்டியார், ஊரார் எல்லோரும் இராச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் மத்தளத்தைத் தட்டுவார்கள். ஹரிகதை செய்கிறவரும் அப்படியே. சாயங்கால வேலைகள் ஓய்ந்த பிறகே சப்ளாக் கட்டையைக் கையில் எடுப்பார். ஜனங்களுக்கு எது ஒழிந்த நேரமோ அதுவே கலைக்கு உகந்த நேரம்.

மோட்டார் பந்தயத்தின் சமாசாரம் வேறு. அது பகல் வெளிச்சத்தை நம்பி நடந்து வந்த காரியம். பார்க்க ஆசைப்படுகிறவர் பந்தய ஸ்தலத்துக்குப் போய் வெயிலில் நிற்க வேண்டியதுதான். டெலிவிஷன் வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. பந்தயம் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்து சேர்ந்தது. பந்தயத்துக்கு நேரம் குறிப்பவர் யார்? வண்டி ஓட்டுகிறவரா, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நாற்காலியில் சாய்ந்திருப்பவரா?

டெலிவிஷன் புதிய அபிமானிகளை எப்படிச் சம்பாதித்துக் கொடுக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்தைச் சேர்ந்த டேடோனாவில் வருஷந்தோறும் 500 மைல் பந்தயம் நடக்கிறது. வெகு காலம் வரையில் இத்தகைய பந்தயங்களிலிருந்து சில துண்டுகளை மட்டுமே டெலிவிஷனில் காட்டி வந்தார்கள். 1979-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி சி. பி. எஸ். நிலையத்தார் துணிந்து, ஆரம்பம் முதல் முடிவு வரை முழுப் பந்தயத்தையும் நடக்கும்போதே ஒளிபரப்பினார்கள். அன்று தேசத்தின் கிழக்குப் பகுதியில் பெரும் பனிப்புயல். வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த குடும்பங்கள், வேறு போக்கின்றி, அதுவரை கண்டிராத ஒரு பந்தயத்தைப் பார்க்க உட்கார்ந்தன.

பந்தயத்தின் முற்பகுதியிலேயே கேல் யார்பரோவின் வண்டியும் அல்லிசன் சகோதரர்களின் வண்டிகளும் தடம் புரண்டு புல்தரையில் சறுக்கின. யார்பரோ சில சுற்றுகள் பின்தங்கினார். பிறகு அரும்பாடுபட்டு அவற்றை மீட்டுக்கொண்டார். கடைசிச் சுற்றில் முன்னால் போனவர்கள் அதே யார்பரோவும் டானி அல்லிசனுந்தான். இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சுவரில் மோதி நின்றார்கள். வெகு தூரம் பின்னால் வந்துகொண்டிருந்த ரிச்சர்டு பெட்டி வெற்றியைத் தட்டிக்கொண்டு போனார். அதோடு விட்டதா? டானியின் தமையனார் பாபி அல்லிசனும் வந்து சேர, புல்தரையில் கைகலப்பு நடந்தது. அத்தனையும் டெலிவிஷனில் தெரிந்தது.

துண்டு துண்டாய்க் காட்டியிருந்தால் ஜனங்கள் ஒரு மோதலைத்தான் கண்டிருப்பார்கள். முழுவதும் பார்த்ததனால் அந்தக் கோபத்தின் பூர்வோத்தரம் அவர்களுக்கு விளங்கியது. கதை தெரிந்தவனுக்குத்தான் கூத்தில் சுவை உண்டாகும்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தாரும் இந்த இரகசியத்தைப் பிற்பாடு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் ஸ்தாபனம் ‘டிரைவ் டு சர்வைவ்’ என்ற தொடரை வெளியிட்டது. முதல் வருஷத்தில் மெர்ஸிடிஸ், ஃபெராரி என்ற இரண்டு பெரிய கோஷ்டிகளும் அதில் கலந்துகொள்ள மறுத்துவிட்டன. ஆகவே படம் பிடித்தவர்கள் பின்வரிசைக் கோஷ்டிகளின் கஷ்ட நஷ்டங்களைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவே நல்லதாய் முடிந்தது. டயர் இன்னது, இயந்திரம் இன்னது என்று அறியாதவர்கள்கூட, தலைக்கவசத்துக்குள் இருக்கும் மனிதரின் முகத்தையும் கவலையையும் அறிந்துகொண்டு பந்தயம் பார்க்க வந்தார்கள்.

கதை தெரிந்தால் மட்டும் போதுமா? பார்க்கச் சௌகரியமான நேரமும் வேண்டும். ஐரோப்பாவில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் கோடைகாலப் பந்தயம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வருகிறது. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துப் பந்தயமோ நள்ளிரவுக்குப் பிறகு வருகிறது! ஆரம்ப ரசிகர் எத்தனை பேர் அதற்காகக் கண் விழிப்பார்கள்? இந்தத் தொல்லை ஐரோப்பியருக்கும் உண்டு. ஆசியாவில் நடக்கும் பந்தயம் அவர்களுக்கு விடியற்காலையில் வந்து விழும். ஆகவே ஆசியப் பந்தயங்களின் நேரத்தைத் தள்ளி வைக்க வேண்டுமென்று நிர்வாகிகள் வற்புறுத்தினார்கள்.

இதைச் சிங்கப்பூர் ஒழுங்காகச் செய்தது. 2008-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி இரவு எட்டு மணிக்கு ஃபார்முலா ஒன்னின் முதல் இராப் பந்தயம் அங்கே நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகளை ஏற்றிச் சாலையைப் பகலாக்கிய பிறகே வண்டிகளை விட்டார்கள்.

மலேசியாவில் நடந்தது வேறு. 2009 ஏப்ரலில் ஸெபாங் பந்தயத்தை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். அங்கே விளக்குகள் இல்லை. மாலை மழையோ அந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. எதிர்பார்த்தபடியே மழை கொட்டியது, பந்தயம் நின்றது, மழை விடுவதற்குள் இருட்டிவிட்டது. 56 சுற்றுகளில் 31 மட்டுமே கணக்கில் சேர்ந்தன. ஜென்ஸன் பட்டனுக்கு வெற்றி கிடைத்தது. மதிப்பெண்ணில் பாதிதான் கிடைத்தது. பந்தயம் நின்றிருந்த வேளையில் கிமி ராய்க்கனன் உடை மாற்றிக்கொண்டு ஐஸ்க்ரீம் தின்ற காட்சியை உலகம் பார்த்துச் சிரித்தது.

சிரிப்போடு போய்விடாத நாளும் வந்தது. 2014 அக்டோபர் 5-ந் தேதி ஜப்பானில் சுஸுகா பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. புயல் மழை பெய்து, வெளிச்சம் மங்கிய நேரம். சறுக்கி நின்ற வண்டியொன்றைத் தூக்கிக்கொண்டிருந்த பாரந்தூக்கி வாகனத்தின் மீது ஜூல் பியாங்கியின் வண்டி மோதியது. நினைவு திரும்பாமலே கிடந்து, 2015 ஜூலையில் அந்த இளைஞர் தமது 25-வது வயதில் காலமானார். விபத்துக்கு நேரம் ஒன்றே காரணமென்று சொல்ல முடியாது. ஈரமும் வேகமும் சேர்ந்தே இருந்தன. ஆயினும் இதை விசாரித்த நிபுணர் குழு ஒரு யோசனை கூறிற்று. இராப் பந்தயங்கள் நீங்கலாக, எந்தப் பந்தயமும் அஸ்தமனத்துக்கு நான்கு மணி நேரமாவது முந்தித் தொடங்க வேண்டும் என்பதே அது. மறு வருஷம் சுஸுகாவில் இரண்டு மணிக்கே கொடி அசைந்தது.

புதிய ரசிகர்கள் வரட்டும். அவர்களுக்குக் கதையைச் சொல்லட்டும். சௌகரியமான நேரத்தையும் கொடுக்கட்டும். ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுப்பவர் வண்டிக்குள் இருப்பவராக இருக்கக் கூடாது. நம் கூத்துக்காரர்களும் இரவில்தான் ஆடுகிறார்கள். விளக்கை ஏற்றி வைத்துவிட்டு ஆடுகிறார்கள்.