விஸ்வநாதன் – ராமமூர்த்தி: சேர்ந்ததும் பிரிந்ததும்

டீக்கடையிலோ பஸ்ஸிலோ பழைய பாட்டு ஓடினால், "இது எம்.எஸ்.வி. பாட்டுப்பா" என்று பெரியவங்க சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அந்தப் பாட்டு 1965க்கு முந்தியது என்றால், அனேகமா அவங்க பாதிதான் சொல்றாங்க. மீதிப் பாதியின் பெயர் டி.கே. ராமமூர்த்தி.

சேர்ந்த கதை

சி.ஆர். சுப்பராமன் என்ற இசையமைப்பாளரின் குழுவில் விஸ்வநாதன் ஆர்மோனியம் வாசித்தார், ராமமூர்த்தி வயலின் வாசித்தார். 1952ல் சுப்பராமன் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட 'தேவதாஸ்' படவேலையை இவங்கதான் முடித்துக் கொடுத்தாங்க. அதே 1952ல் என்.எஸ். கிருஷ்ணன் 'பணம்' படத்துக்கு இரண்டு பேரையும் சேர்த்தே இசையமைப்பாளர் ஆக்கினார்.

விஸ்வநாதன் 1928ல் பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர். ராமமூர்த்தி 1922ல் பிறந்த திருச்சிக்காரர். அவரது தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பெரிய வயலின் வித்வான். வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் டைட்டிலில் அவர் பெயர் இரண்டாவதாகத்தான் வந்தது.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு! வைகைக்கு அக்கரையில் உள்ள தென்கரையைச் சேர்ந்த டி.ஆர். மகாலிங்கம், சொந்தப் படம் எடுத்து நஷ்டப்பட்டு வாய்ப்பில்லாமல் இருந்தார். 1958ல் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'தான் அவரை மறுபடி தூக்கிவிட்டது. அதில் அவர் பாடிய 'செந்தமிழ்த் தேன்மொழியாள்' இந்த இரட்டையர் இசைதான்.

என்ன புதுசா செஞ்சாங்க?

அதுக்கு முன்னாடி சினிமாப் பாட்டு பெரும்பாலும் கச்சேரி மாதிரி இருக்கும். இவங்க ராகத்தை விடாமல், மெட்டை லேசாக்கி, வார்த்தை தெளிவாகக் கேட்கும்படி செஞ்சாங்க. அதுதான் மெல்லிசை. 1964ஐ மட்டும் பாருங்க. 'கர்ணன்' படத்தில் நிறைய இந்துஸ்தானி ராகங்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் துள்ளலான மேற்கத்திய இசை. 'புதிய பறவை'யில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. மூன்றும் ஒரே வருஷம், ஒரே ஜோடி!

பிரிந்த கதை

அடுத்த வருஷமே, 1965ல், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்துவிட்டாங்க. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வாங்க. அதைவிட, பிறகு நடந்ததைத்தான் நாம கவனிக்கணும். விஸ்வநாதன் தனியாக நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். ராமமூர்த்தி தனியாகச் செய்தது 'சாது மிரண்டால்', 'தேன்மழை' என்று இருபதுக்கும் குறைவு. இதனால் என்ன ஆச்சு? சேர்ந்து போட்ட பாட்டையும் ஜனங்க ஒருத்தர் கணக்கிலேயே எழுத ஆரம்பிச்சாங்க.

இங்கிலாந்தில் பீட்டில்ஸ் என்ற நாலு பேர் குழுவும் 1970ல் உடைந்தது. அதில் லெனான், மெக்கார்ட்னி இருவரும், பாட்டை யார் எழுதினாலும் இரண்டு பெயரையும் போட்டுக்கொண்டாங்க. குழு உடைந்த பிறகும் அந்தப் பாட்டுகளில் இரண்டு பெயரும் அப்படியே இருக்கிறது. பிரிந்தது ஆட்கள்தான். சேர்ந்து செய்த வேலையைப் பிரிக்க முடியாது.

நம்ம இரட்டையர் 1995ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தாங்க. 2012ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தார். ராமமூர்த்தி 2013லும், விஸ்வநாதன் 2015லும் காலமானாங்க.

ஒரு வேண்டுகோள்: 'கர்ணன்' பாட்டையோ 'பாசமலர்' பாட்டையோ வீட்டில் யாராவது எம்.எஸ்.வி. பாட்டு என்று சொன்னால், "ராமமூர்த்தியும்தான்" என்று சேர்த்துச் சொல்லுங்க. வயலின் வாசித்த அந்த மனுஷனுக்கு நாம செய்யக்கூடிய மரியாதை அதுதான்.