உங்களுக்குத் தெரியுமா? சனிக்கிழமை ரயிலில் ஏறினால்...

பர்மிங்ஹாமில் முதுகலை படித்த நாட்களில், சனிக்கிழமை விடிந்தால் நானும் என் அறைத்தோழியும் ஏதாவது ஒரு பழைய ஊருக்கு ரயிலேறிவிடுவோம். மழைக்கோட்டு, ஃபிளாஸ்க்கில் டீ, டப்பாவில் தயிர்சாதம். அவ்வளவுதான் சாமான். அவள் சரித்திரம் படித்தவள் இல்லை. ஆனால் கைடு சொல்வதை லேசில் நம்ப மாட்டாள். ஊர் ஊராகக் கேட்டதில் கப்ஸாவைக் கழித்து மிஞ்சியவை இவை.

ஆக்ஸ்ஃபோர்டின் சொந்தக் கணக்கு

கிரைஸ்ட் சர்ச் கல்லூரியின் டாம் கோபுரத்தில் இருக்கும் பெரிய மணி, தினமும் இரவு 9.05க்கு 101 முறை அடிக்கும். 101 என்பது அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் கணக்கு. அது இருக்கட்டும், எதற்கு அந்த ஐந்து நிமிடத் தாமதம்? கிரீனிச்சுக்கு மேற்கே இருப்பதால் ஆக்ஸ்ஃபோர்டில் சூரியன் ஐந்து நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். நாடு முழுக்க ஒரே நேரம் என்று சட்டம் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் மணி மசியவில்லை. அதைப் பொறுத்தவரை அப்போதுதான் ஒன்பது.

பிரிஸ்டலில் இரண்டு நிமிட முள்

தானியச் சந்தைக் கட்டடமான கார்ன் எக்ஸ்சேஞ்சின் முகப்புக் கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு. ஒன்று லண்டன் நேரம், மற்றது பிரிஸ்டல் நேரம். இடையில் பத்து நிமிடம். ரயில் வந்த புதிதில் ஊர் நேரத்தை நம்பி ஸ்டேஷனுக்குப் போனவர் வண்டியைத் தவறவிட வேண்டியதுதான். 1852இல்தான் பிரிஸ்டல் லண்டனோடு ஒத்துப்போனது. பழைய நேரம் காட்டும் முள் மட்டும் இன்றும் இருக்கிறது.

எடின்பரோவில் வேண்டுமென்றே பொய்

வேவர்லி ஸ்டேஷனை ஒட்டிய பால்மோரல் ஹோட்டல் கோபுரக் கடிகாரம் மூன்று நிமிடம் வேகமாக ஓடும். பழுது இல்லை, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு ஹோட்டல்காரர்கள் காட்டும் கருணை. வருடத்தில் டிசம்பர் 31 இரவு மட்டும் சரியான நேரம் காட்டும். புத்தாண்டைக் கூட்டம் மூன்று நிமிடம் முன்னாலேயே கொண்டாடிவிடக் கூடாதே!

அதே ஊர்க் கோட்டையில் 1861 முதல் மதியம் ஒரு மணிக்கு பீரங்கி வெடிக்கிறார்கள். கடலில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஏற்பட்ட வழக்கம். அதற்கு முன் கால்டன் குன்றின் மேல் ஒரு பந்தை ஏற்றி இறக்கி மணி காட்டினார்கள். மூடுபனி இறங்கினால் பந்து எங்கே தெரிகிறது? சத்தம் வந்தது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை பீரங்கிக்கு விடுமுறை. வாரக் கடைசியில் போகிறவர்கள் சனிக்கிழமையே பார்த்துவிட வேண்டும்.

அரசருக்கும் இரவல் கிடையாது

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலிருந்து 1645இல் முதலாம் சார்லஸ் அரசர் ஒரு புத்தகம் கேட்டனுப்பினார். இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வெளியே தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பின்னர் ஆட்சிக்கு வந்த கிராம்வெல்லுக்கும் அதே பதில்தான். அங்கே உறுப்பினராகச் சேர்பவர்கள் இன்றும் நூலகத்துக்குள் நெருப்பு மூட்ட மாட்டேன் என்று உறுதிமொழி சொல்ல வேண்டும்.

ஆழ்வார் இருந்த இடம்

ஆக்ஸ்ஃபோர்டில் 1683இல் திறந்த ஆஷ்மோலியன்தான் பிரிட்டனின் முதல் பொது அருங்காட்சியகம். நுழைவு இலவசம். தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு சேதி உண்டு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்றை இந்த அருங்காட்சியகம் 1967இல் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணம் பக்கத்தில் சுந்தரபெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த அதே திருமேனியின் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் கிடந்தது. ஓர் ஆய்வாளர் இரண்டையும் பொருத்திப் பார்த்தார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குச் சேதி சொன்னது. சிலையைத் திருப்பித் தரலாம் என்று பல்கலைக்கழக கவுன்சில் 2024இல் ஒப்புக்கொண்டது. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இருந்த பலம் அது.

கேம்பிரிட்ஜ் படகுக்காரர்கள் விடும் கதை

கேம் நதியில் கோல் ஊன்றிப் படகு தள்ளும் பையன்கள் குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தைக் காட்டி, ஐசக் நியூட்டன் ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டினார், மாணவர்கள் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் விழித்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பாலம் கட்டியது 1749இல்; நியூட்டன் இறந்தது 1727இல். என் தோழி இதைச் சொன்னதும் படகுக்காரப் பையன் சிரித்துக்கொண்டே, "எனக்கும் தெரியும், ஆனால் அந்தக் கதைக்குத்தான் டிப்ஸ் விழுகிறது" என்றான். பாலத்தின் மூட்டுகளில் இரும்பு போல்ட் பளிச்சென்று தெரியும், பாருங்கள்.

டிரினிட்டி கல்லூரிக்குப் போனால் வாசலில் நியூட்டன் நினைவாக இருக்கும் ஆப்பிள் மரத்தோடு எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் ஹ்யூவெல்ஸ் கோர்ட்டை அநேகமாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1914இல் சென்னையிலிருந்து வந்த ராமானுஜன் தங்கியிருந்தது அங்கேதான். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருடம் டிரினிட்டியின் ஃபெல்லோ. அவர் கடைசிக் காலத்தில் எழுதிய 'தொலைந்த குறிப்பேடு' அதே கல்லூரியின் ரென் நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வேறெதையோ தேடி வந்த இடத்தில் அதைக் கண்டெடுத்தார்.

நேரத்தைத் தின்னும் வெட்டுக்கிளி

கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிச் சுவரில் தங்கமுலாம் பூசிய வட்டத் தகடு; அதன் தலையில் வெட்டுக்கிளி மாதிரி ஒரு பூதம் வாயைத் திறந்து திறந்து மூடும். முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. 2008இல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்து வைத்த கடிகாரம் இது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சரியான நேரம் காட்டும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இடையில் தயங்கும், திடீரென்று ஓடும். ஒப்படைப்புத் தேதி நெருங்கும் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வின்செஸ்டரைத் தாங்கிய ஒற்றை ஆள்

வெகுநேரம் நாங்கள் நின்றுவிட்ட இடம் இது. வின்செஸ்டர் பேராலயம் சதுப்பு மண்ணில் எழுந்தது. 1900களின் தொடக்கத்தில் சுவர்கள் சாய்ந்து, பிளந்து, கல் உதிரத் தொடங்கியது. அஸ்திவாரத்தைப் பலப்படுத்தலாம் என்று தோண்டினால் குழி நிறையத் தண்ணீர். தண்ணீரை இறைத்தால் மண் இன்னும் இறங்கிக் கட்டடமே சரியும். ஆகவே தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் ஆளை இறக்கினார்கள்.

அவர் பெயர் வில்லியம் வாக்கர், கப்பல்துறை முக்குளிப்பவர். 1906 முதல் 1911 வரை தினமும் ஆறு மணி நேரம், ஏறக்குறைய ஆறு மீட்டர் ஆழம் வரை. கலங்கல் தண்ணீரில் விளக்கு வைத்தும் பயன் இல்லை. கும்மிருட்டில் கையால் தடவித் தடவித்தான் வேலை. மொத்தம் 235 குழிகள். 25,000க்கு மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடியில் அடுக்கி அடைத்த பிறகுதான் தண்ணீரை இறைத்துக் கொத்தனார்கள் இறங்க முடிந்தது. முக்குளிக்கும் உடையைப் போட்டுக் கழற்றவே நேரம் பிடிக்கும் என்பதால் சாப்பாட்டு வேளையில் தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டுச் சாப்பிட்டு, சுங்கான் புகைத்துவிட்டு மறுபடி இறங்குவாராம்.

அந்த மனிதருக்கு 1964இல் ஆலயத்துக்குள் வெண்கலச் சிலை வைத்தார்கள். சிற்பியிடம் போன படத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். சிலையில் வந்து நின்றது வாக்கரின் முகம் இல்லை, திட்டத்தின் பொறியாளர் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸின் முகம்! சரியான முகத்தோடு புதுச் சிலை வர 2001 ஆயிற்று. இருட்டில் வேலை பார்த்தவருக்கு முகம் கிடைக்க இத்தனை வருடம்.

அதே ஆலயத்தில் ஜேன் ஆஸ்டின் கல்லறை இருக்கிறது. 1817இல் வைத்த கல்லில் அவருடைய நல்ல குணங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. நாவல் எழுதியவர் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பாத்: குளிக்கக் கூடாத குளியலறை

ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளத்தில் இன்றும் தினமும் சுமார் 11.7 லட்சம் லிட்டர் தண்ணீர் 46 டிகிரி சூட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது. கைகூட வைக்காதே என்று பலகை இருக்கும். 1978இல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்ததிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. குளிக்க ஆசை இருந்தால் பக்கத்தில் 2006இல் திறந்த புது ஸ்பாவுக்குப் போக வேண்டும். அந்தக் கட்டணத்தில் நாங்கள் ஒரு வாரம் சாப்பிடுவோம்.

குளத்தைவிட எனக்குப் பிடித்தது அங்கே கிடைத்த ஈயத் தகடுகள். சுமார் 130. ஒவ்வொன்றிலும் ஒரு சாபம். துணி திருடு போனவர்கள், காசு பறிகொடுத்தவர்கள், சுலிஸ் மினர்வா என்ற தேவதையிடம் புகார் எழுதி, சுருட்டி ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். டோசிமெடிஸ் என்பவருக்குக் காணாமல் போனது ஒரு ஜோடி கையுறை. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டுமாம்! திருடியது ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ என்று வக்கீல் நோட்டீஸ் கணக்காகத் தப்பிக்க வழியில்லாமல் எழுதிய தகடுகளும் உண்டு. "ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிற மாதிரிதான்" என்றாள் தோழி, பொள்ளாச்சிக்காரி.

இன்னொரு விஷயம்: யுரேனஸ் கிரகத்தை வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று கண்டது பாத் நகரத்தில், நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டின் பின்புறத் தோட்டத்திலிருந்து. வீடு இப்போது அருங்காட்சியகம்.

யார்க்கில் கண்ணாடிக்குள் என்ன?

சொன்னால் முகம் சுளிப்பீர்கள். 1972இல் லாய்ட்ஸ் வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த, வைக்கிங் காலத்து மனிதர் ஒருவரின் மலம். கல்லாய் இறுகிப்போன 20 செ.மீ. நீளம். யோர்விக் வைக்கிங் மையத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் இறைச்சியும் ரொட்டியும் தின்றான், வயிற்றில் புழு இருந்தது என்பதெல்லாம் அதிலிருந்து தெரியவந்தது. 2003இல் கீழே விழுந்து மூன்று துண்டாயிற்று, பொறுமையாக ஒட்டினார்கள்.

யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கிழக்கு ஜன்னல் டென்னிஸ் மைதானம் அளவு. ஜான் தோர்ன்டன் 1405இல் தொடங்கி 1408இல் முடித்தார், கூலி 56 பவுண்டு. அதே வண்ணக் கண்ணாடிகளை நம் காலத்தில் கழற்றித் துடைத்துச் சீர்செய்ய ஏறக்குறைய பத்து வருடம் ஆனது.

ஊரைச் சுற்றிய மதில்மேல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். காசு வேண்டாம். ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் வேண்டாம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிய 'மல்லார்ட்' நீராவி எஞ்சின் அங்கேதான் நிற்கிறது.

குச்சி விட்டுப் பார்க்கும் ஆலயம்

சாலிஸ்பரி பேராலயக் கூம்பு 123 மீட்டர், நாட்டிலேயே உயரம். அஸ்திவாரமோ 1.2 மீட்டர்தான். தரையில் ஒரு துளை இருக்கிறது. அதில் குச்சி விட்டு நிலத்தடி நீர்மட்டம் பார்ப்பார்கள். 1386ஐ ஒட்டிச் செய்த கடிகாரமும் உள்ளே ஓடுகிறது. முகமே இல்லாத கடிகாரம் அது. அந்தக் காலத்தில் மணி கேட்டால் போதும், பார்க்க வேண்டியதில்லை.

டர்ஹம் விடுதி

கோட்டையில் தங்கிப் படிக்க வேண்டுமா? டர்ஹம் பல்கலைக்கழகத்தின் யுனிவர்சிட்டி கல்லூரி மாணவர்கள் நார்மன் கோட்டைக்குள்தான் தங்குகிறார்கள். எதிரே பேராலயம், பழைய நாளில் அதன் கதவு வளையத்தைத் தட்டிய குற்றவாளிக்கு 37 நாள் அடைக்கலம் கிடைக்கும்.

செஸ்டரில் வேல்ஸ்காரர் மேல் அம்பெய்யலாமா?

நள்ளிரவுக்குப் பிறகு மதிலுக்குள் வேல்ஸ்காரரைக் கண்டால் அம்பெய்து கொல்லலாம், சட்டம் இன்னும் இருக்கிறது என்று இங்கே ஒரு கதை ஓடும். யார்க்கில் இதே கதையை ஸ்காட்லாந்துக்காரர் மேல் ஏற்றிச் சொல்வார்கள். அப்படியெல்லாம் கிடையாது, கொலை கொலைதான் என்று சட்ட ஆணையமே விளக்கம் தந்திருக்கிறது. கதைக்கு வேர் மட்டும் உண்டு. 1403இல், வேல்ஸ் கிளர்ச்சியின்போது, பின்னாளில் ஐந்தாம் ஹென்றியான இளவரசர் செஸ்டரில் வேல்ஸ்காரர்களுக்கு ஊரடங்கு போட்டார்.

காசு மிச்சம் பிடிக்க

இரண்டு பேர் சேர்ந்தே போவதாக இருந்தால் 'டூ டுகெதர்' ரயில் அட்டை ஒன்று போதும், இருவர் டிக்கெட்டிலும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. இருவர் படமும் அதில் இருக்கும். ஒருவர் மட்டும் போனால் செல்லாது. வழியில் சண்டை போட்டுப் பிரிந்தால் நஷ்டம்.

ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்கினால் பல நேரம் மலிவு. தவறில்லை, ரயில் அந்த நடு ஸ்டேஷனில் நிற்க வேண்டும், அவ்வளவே.

பெரிய பேராலயங்கள் சிலவற்றில் சுற்றிப்பார்க்கக் கட்டணம் உண்டு. மாலைப் பாட்டு வழிபாடான ஈவன்சாங்குக்கு மட்டும் எங்கேயும் காசு வாங்குவதில்லை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் கோயிலின் விசிறி விதானத்துக்குக் கீழே உட்கார்ந்து பாட்டுக் கேட்க நாங்கள் செலவழித்தது வரிசையில் நின்ற நேரம்தான்.

ஞாயிறு திரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதுவும் காலை 10க்கும் மாலை 6க்கும் இடையில். ராத்திரி ரயிலில் வந்து இறங்கினால் பெரிய சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். தெருமுனைக் கடையில் அதே பால் பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை.