வெளிச்சத்தில் தெரியும் ஈரம்

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்களில் இன்று கண்ணுக்கெட்டிய தூரமும் செம்பனை. முன்பு அங்கெல்லாம் பால்மரக்காடு. விடியுமுன் மரம் வெட்டி, மங்குப் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்த தமிழர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பால் ஷீட்டாகிப் புகைவீட்டுக்குள் போனபின் நடந்த நுட்பமான வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஃபார்மிக் ஆசிட் விட்டால் உறைந்துவிடும். உறைந்ததை உருளைகளில் கொடுத்துச் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நசுக்குவார்கள். கடைசி உருளை வரிவரியாகக் கோடு பதிக்கும். அதனால் பரப்பு கூடி ஈரம் எளிதில் வெளியேறும். ஷீட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது.

பிறகு விறகுப் புகையில் நான்கைந்து நாள். வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி, மெல்ல 60 வரை ஏறவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஷீட்டுக்குள் குமிழி விழும். புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுக்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கையால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. மேல்பக்கம்தான் முதலில் காயும், ஈரம் நடுவில் தங்கியிருக்கும். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கவேண்டும். ரப்பருக்குள் சிக்கிய நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் ஈரமுள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். நீர் போகப்போக ஒளி ஊடுருவி, ஷீட் முழுதும் தேன் நிறத்தில் தெளியும். ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சினாலும் மறுபடி புகைவீடு, இல்லையென்றால் அந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள்.

ரப்பர் ஷீட்டில் தெளிவே போதுமான சாட்சி. உலகச் சந்தையின் தர விதிகளும் உயர்ரகத்தில் ஒளிபுகாத ஷீட்டை ஏற்பதில்லை.

1965இல் மலேசியா எஸ்.எம்.ஆர். என்ற புதிய தரமுறையைக் கொண்டுவந்தது. அதில் ரப்பர் கட்டியாக அழுத்தப்படுகிறது. ஈரத்தை அறிய, மாதிரியை அடுப்பில் சூடாக்கி, குறையும் எடையை அளக்கிறார்கள். புகையூட்டிய ஷீட்டையோ இன்றும் கண்ணால் பார்த்தே ரகம் பிரிக்கிறார்கள். புகைவீட்டில் வேலை பார்த்த பாட்டனோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்த வேலையை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு இப்போதே பதிவுசெய்யுங்கள்.