ஆற்றங்கரை நஞ்சும் அயலவர் வழக்கும்

ஜெர்சி சிட்டியின் மேற்குப் பக்கத்தில், ரூட் 440 வீதியை ஒட்டி ஹக்கன்சாக் ஆறு ஓடுகிறது. அதன் கரையைப் பற்றி நடந்த ஒரு வழக்கை, இந்நகருக்குப் புதிதாக வந்துள்ள எமது குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. கோயிலுக்குப் போகும் எம்மைப் போல, தேவாலயத்துக்குப் போகும் சாதாரண மக்களே அவ்வழக்கின் பின்னால் நின்றார்கள்.

1895ஆம் ஆண்டு தொடக்கம் இங்கு குரோமியம் பதப்படுத்தும் தொழிற்சாலையொன்று இயங்கியது. அதன் கழிவை ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் கொட்டினார்கள். 34 ஏக்கர் நிலத்தில், 15 முதல் 20 அடி ஆழத்துக்கு, சுமார் 15 இலட்சம் தொன் கழிவு சேர்ந்தது. அதிலிருந்தது குரோமியத்தின் மிக நச்சான வகை. நீரில் இலகுவாகக் கரையும். தூசியாகச் சுவாசித்தால் புற்றுநோயை உண்டாக்கும். 1983இல் அங்குள்ள நீர் மஞ்சளும் பச்சையுமாக மாறியிருப்பதை மாநில அதிகாரிகள் கண்டார்கள். பின்னர் நிலத்தைத் தற்காலிகமாக மூடினார்கள். கழிவோ அங்கேயே கிடந்தது.

1995இல் இப்பகுதிச் சபைகள் சேர்ந்து அமைத்த இன்டர்ஃபெயித் கம்யூனிட்டி ஆர்கனைசேஷன் என்ற அமைப்பும், அயலில் வசித்த ஐந்து பேரும் நீதிமன்றம் சென்றார்கள். தொழிற்சாலையின் பொறுப்பு அப்போது ஹனிவெல்லின் முன்னோடி நிறுவனத்திடம் இருந்தது. எட்டு ஆண்டுகள் வழக்கு இழுபட்டது. 2003இல் சமஷ்டி நீதிமன்றம் கழிவு முழுவதையும் தோண்டி அகற்றுமாறு ஹனிவெல்லுக்கு உத்தரவிட்டது. 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அவர்கள் பயன்படுத்திய கழிவுப்பொருள் சட்டம், "எவரும்" வழக்குத் தொடரலாம் என்கிறது. பிரசைகள் மட்டும் என்று சொல்லவில்லை. கந்தோர் படியேறவே தயங்கும் எம்மவர்க்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். ஆனால் தனியொருவர் எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது கடினம். ஞாயிறுதோறும் ஒன்றுகூடிய சபைகளுக்கு அந்தப் பலம் இருந்தது.

ஊரிலும் இதைக் கண்டோம். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் பழுதாகின. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் அங்குள்ள மக்களுக்கு நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்ந்த எமக்கு அந்த வலியை எவரும் விளக்கத் தேவையில்லை.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று வணங்கிய மரபு எமது. கோயிலுக்கொரு தலவிருட்சம் வைத்தவர்கள் எமது முன்னோர். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் "லவுதாத்தோ சி" என்ற சுற்றுமடலில், பூமியைப் பேணுவது விசுவாசத்தின் பகுதி என்று வலியுறுத்தினார். சைவரானாலும் கிறிஸ்தவரானாலும் கடமை ஒன்றுதான்.

உலகம் வெப்பமடைகிறது, கடல் உயர்கிறது என்பது தூரத்துச் செய்தியல்ல. 2012 ஒக்டோபர் 29இல் சாண்டி புயல் வந்தபோது, இந்நகரின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தது. வாடகை குறைவென்று நாம் தேடும் நிலக்கீழ் அறைகளுக்கே அத்தகைய வெள்ளம் முதலில் வரும்.

ஆகவே அடுத்த முறை பூசையோ செபக்கூட்டமோ முடிந்து, பிரசாதமோ தேநீரோ கையில் இருக்கும்போது, ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: எங்கள் தெருவின் மண்ணும் தண்ணீரும் எப்படியிருக்கின்றன? பதில் தெரியாவிட்டால், சேர்ந்து போய் நகரசபையில் கேட்கலாம். அந்தச் சபைகளும் கூடிக் கேட்டுத்தான் தொடங்கினார்கள்.