வறள்நில விலங்குகளும் வாழிடக் குறிப்பும்

தொல்காப்பியம் விலங்கினைக் கருப்பொருள்களுள் ஒன்றாக்கி நிலத்தோடு இயைக்கின்றது. மரபியலில் விலங்குகளின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர்களை வகுத்துரைக்கின்றது. எவ்விலங்கு எவ்வூரில் எந்நாளில் வாழ்ந்தது என்று உரைப்பது இலக்கணத்தின் பணியன்று. எனினும், விலங்குகளைக் காப்பதற்கு அக்குறிப்பே இன்று முதற்கருவியாக உள்ளது. அக்குறிப்பினைத் திருத்தமுறச் செய்வதில் சொல்லாராய்ச்சிக்கும் பங்குண்டு என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை முன்வைத்து ஈண்டு காண்பாம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911-ஆம் ஆண்டில் பாலூட்டிகளின் கணக்கெடுப்பொன்றைத் தொடங்கியது. பல்லாயிரம் தோல்களும் மண்டையோடுகளும் அதன் வழித் திரட்டப்பெற்றன. ஊரும் நாளும் குறிக்கப்பெறாத தோல், காலமும் இடமும் அறியப்படாத கல்வெட்டுப்படியினை ஒக்கும். ஊர்ப்பெயர் இருப்பினும் இடர் உண்டு. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு இராமநாதபுர மாவட்டம் 1910-இல் அமைந்தது. அதிலிருந்து 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. ஆகவே, 'இராமநாதபுரம்' என்னும் பழங்குறிப்பு கடற்கரையைச் சுட்டுமோ, திருச்சுழியின் குண்டாற்றங்கரையைச் சுட்டுமோ, திருவில்லிபுத்தூர் மலையைச் சுட்டுமோ என்பது ஆராய்ந்தே துணியத்தக்கது.

மாவட்டத்தின் மேற்கெல்லை மலைப்பகுதி நன்கு அறியப்பட்டது. சாம்பல்நிற மலையணிலின் பொருட்டு 1988-இல் அங்குச் சரணாலயம் அமைந்தது; 2021-இல் அப்பகுதி திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. கிழக்கிலுள்ள கரிசற்காடும் செம்மண் மேடும் கண்மாய்க்கரையும் சீமைக்கருவேற் புதரும் அத்தகைய கவனத்தைப் பெற்றில. இந்நிலங்களுள் பலவற்றைத் 'தரிசு' என்கிறோம். தரிசு என்பது உழவு நோக்கிப் பிறந்த சொல். பயிரில்லாமையை உணர்த்துமேயன்றி உயிரில்லாமையை உணர்த்தாது. அண்டையிலுள்ள கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. இனி இத்தகைய பெருந்திட்டங்களுக்கு நிலம் தேரும்பொழுது, அங்கு வாழும் உயிர்கள் யாவை என வினவுவோர்க்கு விடைதரத் தக்கது எழுதப்பெற்ற பதிவு ஒன்றே. பதிவின்மை விலங்கின்மையாகக் கொள்ளப்படுதல் எளிது.

இனிப் பெயர்களை நோக்குவாம். தென்தமிழ்நாட்டு வறள்நிலத்தில் வாழும் முள்ளெலி உள்ளங்கையில் அடங்குமளவினது. அஞ்சியவிடத்துப் பந்துபோற் சுருளும். பெரிதும் பூச்சிகளை உண்பது. முள்ளம்பன்றியோ பன்மடங்கு பெரிது, கொறிக்கும் இனத்தது, கிழங்கையும் வேரையும் அகழ்ந்துண்டு பயிர்க்கு ஊறு செய்வது. முள் ஒன்றே இரண்டற்கும் பொது. 'முள்ளுடைய விலங்கு' எனக் கேட்டெழுதுவோர் ஒன்றனை மற்றொன்றாகப் பதிதல் கூடும். அதனால், தீங்கற்ற முள்ளெலி பயிர்ப்பகை எனப் பழிபெறும். அவ்வாறே 'குள்ளநரி' என்பது சிறிய தனியினம் ஒன்றற்குரிய பெயராயினும், வழக்கில் நரிக்கும் ஏற்றிச் சொல்லப்படுகின்றது. 'காட்டுப்பூனை' காட்டினத்தையும் குறிக்கும். ஊர்விட்டுத் திரியும் வீட்டுப்பூனையையும் குறிக்கும். அழுங்கு, எறும்புதின்னி என்பனவோ ஒருபொருட் பன்மொழிகள். இவற்றை இரு விலங்குகளாக எண்ணிவிடலாகாது.

ஆகலின், வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டச் செல்லும் மாணாக்கர் விலங்குப்பெயரை மட்டும் குறித்து மீளாது, சொன்னவரின் ஊர், கண்ட நாள், கண்ட இடம், அளவு, நிறம், உணவு ஆகியவற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். நேரிற் கண்டதோ, வளையோ, அடிச்சுவடோ, எச்சமோ, சாலையில் அடிபட்டுக் கிடந்ததோ, செவிவழிச் செய்தியோ என்பதைப் பிரித்துக் காட்டல் வேண்டும். கூறியவரின் சொல்லை உள்ளவாறே எழுதுக. நூற்பெயரை அதன் அருகே தனியே குறிக்க. இயலுமாயின், நிலவரைக் குறியீட்டினையும் நிழற்படத்தினையும் சேர்க்க.

எச்சரிக்கையும் ஒன்றுண்டு. செதிலின் பொருட்டு அழுங்கும், மருந்தின் பெயரால் முள்ளெலியும் வேட்டையாடப்படுகின்றன. எனவே, வளையிருக்கும் துல்லியமான இடத்தை வெளியிடாது, வட்டார அளவில் மட்டும் வெளியிடுதலே முறை. முழுக்குறிப்பு வனத்துறையினர், துறை ஆய்வாளர் ஆகியோர்க்கே உரியது. காக்க எழுதிய குறிப்பு வேடர்க்கு வழிகாட்டுதல் ஆகாது.

கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கும் முதியோர் பலர் இப்பெயர்களையும் இடங்களையும் நன்கறிவர். அவர்தம் அறிவு எழுத்தேறாது மறையுமாயின், இழப்பு விலங்கியலுக்கு மட்டுமன்று, தமிழுக்கும் ஆகும் என்பதே எம் கருத்து.